திருப்பதி, சித்தூரை 2017-ல் தாக்கிய 'வானாக்ரை': உங்கள் வீட்டுக் கணினிக்கு அது சொல்லும் பாடம் என்ன?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் திடீரென்று ஒரு சிவப்புத் திரை வந்து நின்றது. 'உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன. திரும்ப வேண்டுமென்றால் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் அனுப்புங்கள்' என்பதுதான் அதில் இருந்த செய்தியின் சாரம். பக்கத்திலேயே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளில் கட்டவில்லை என்றால் தொகை இரட்டிப்பாகும். ஏழு நாள் தாண்டினால் கோப்புகளை மறந்துவிட வேண்டியதுதான்.

மறுநாளே ஆந்திராவிலிருந்து செய்தி வந்தது. சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் ஆகிய மாவட்டங்களில் 18 காவல் பிரிவுகளின் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன. திருப்பதி அப்போது சித்தூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில். அடுத்த சில நாளில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகக் கணினிகள் சிலவும் மாட்டியது தெரியவந்தது. பக்தர்களுக்கான ஆன்லைன் சேவைகளுக்குப் பாதிப்பில்லை என்று தேவஸ்தானம் தரப்பில் சொல்லப்பட்டது.

அந்த மால்வேரின் பெயர் 'வானாக்ரை'. யூரோபோல் கணக்குப்படி 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளை அது பிடித்தது.

சரி, போலீஸ் ஸ்டேஷனும் தேவஸ்தானமும் மாட்டினதுக்கும் நம்ம வீட்டு லேப்டாப்புக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது.

மருந்து ஏற்கெனவே வந்திருந்தது

வானாக்ரை உள்ளே நுழைந்த வழி, விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ள 'எஸ்.எம்.பி' என்று ஒரு முறை உண்டு. அதன் பழைய வடிவத்தில்தான் அந்த ஓட்டை இருந்தது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ. அதைக் கண்டுபிடித்து, வெளியே சொல்லாமல் தன் உளவு வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தது. அதற்கென உருவாக்கிய கருவியின் பெயர் 'எடர்னல்புளூ'. 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற பெயரில் இயங்கிய ஒரு கும்பல் 2017 ஏப்ரல் 14 அன்று அந்தக் கருவியை இணையத்தில் போட்டு உடைத்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே, மார்ச் 14 அன்று, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுவிட்டது. காசு கிடையாது. இன்ஸ்டால் செய்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

மார்ச் 14 முதல் மே 12 வரை 59 நாள். அந்த 59 நாளில் அப்டேட் போட்ட கணினியை இந்த ஓட்டை வழியாக வானாக்ரையால் தொட முடியவில்லை. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போட்ட கணினிகள் மாட்டின.

அடிபட்டதெல்லாம் ஓட்டை உடைசல் கணினிகள் என்று நினைத்துவிடாதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள் என்று முதலில் பேசப்பட்டது. பிறகு பார்த்தால், பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அன்றைக்கு அது வழக்கமாக அப்டேட் வந்துகொண்டிருந்த விண்டோஸ். வாங்கிப் போடத்தான் ஆளில்லை.

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸில் 19 ஆயிரம் மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கலாம் என்ற மதிப்பீட்டை அந்நாட்டின் தணிக்கை அலுவலகம் தன் அறிக்கையில் குறிப்பிட்டது. எளிய அடிப்படைப் பாதுகாப்பு வேலைகளைச் செய்திருந்தாலே இதைத் தடுத்திருக்கலாம் என்பதுதான் அதன் முடிவு.

யாரும் எதையும் கிளிக் செய்யாமலே எப்படிப் பரவியது?

'தெரியாத லிங்க்கை கிளிக் பண்ணாதீங்க' என்ற அறிவுரையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால் வானாக்ரைக்கு யாருடைய கிளிக்கும் தேவைப்படவில்லை. ஒரு கணினிக்குள் நுழைந்ததும், அதே நெட்வொர்க்கில் ஓட்டை அடைக்கப்படாத வேறு கணினி இருக்கிறதா என்று அதுவே தேடும். இருந்தால் அதற்குள்ளும் போய் உட்காரும். இப்படித் தானாகப் பரவும் மால்வேரை 'வார்ம்', அதாவது புழு என்பார்கள். பத்து கணினிகளை ஒரே நெட்வொர்க்கில் இணைத்து வைத்திருக்கும் அலுவலகத்தில் ஒன்று விழுந்தால் மற்றவையும் வரிசையாக விழுந்தது இதனால்தான்.

வீடுகளுக்கு ஓரளவு இயல்பான பாதுகாப்பு இருந்தது. வீட்டு வைஃபை ரவுட்டர் வழியாக இணையத்துக்குப் போகும் கணினியை, வெளியிலிருந்து யாரும் நேரடியாகத் தட்ட முடியாது. ஆனால் உங்கள் லேப்டாப் வீட்டிலேயே இருப்பதில்லையே? அலுவலகம், காபி ஷாப், பேயிங் கெஸ்ட் வைஃபை என்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறது. வெளியே பிடித்ததை உள்ளே கொண்டுவந்து விடும்.

கடைசியில் வானாக்ரையின் வேகத்தைக் குறைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளம் பாதுகாப்பு ஆய்வாளர். ஒரு கணினியைப் பூட்டும் முன், இல்லாத ஒரு இணைய முகவரியை அந்த மால்வேர் தொடர்புகொள்ள முயன்றதை அவர் கவனித்தார். சுமார் 11 டாலர் கொடுத்து அந்த முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்தார். முகவரி பதில் சொல்லத் தொடங்கியதும் புதிதாகப் பரவியவை தாமாகவே நின்றுகொண்டன. ஏற்கெனவே பூட்டப்பட்ட கோப்புகளுக்கு அது உதவவில்லை. அடுத்த மால்வேரிலும் இப்படி ஒரு சுவிட்ச் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்றைக்கு வீட்டுக் கணினிக்குள் எந்த வழியாக வருகிறது?

வானாக்ரை மாதிரி தானாக நுழைபவை குறைவு. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். முக்கியமான வழிகள் இவை:

கிராக் சாஃப்ட்வேர்: போட்டோஷாப், ஆபீஸ், விளையாட்டு என எதையாவது 'ஃப்ரீ கிராக்' என்று டவுன்லோடு செய்வது. 'இன்ஸ்டால் பண்றப்போ ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க' என்று ஒரு சாஃப்ட்வேர் கேட்கிறது என்றால், வீட்டுக் காவல்காரரை வெளியே அனுப்பச் சொல்கிறது என்று அர்த்தம். கிராக் செய்யப்பட்ட விண்டோஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. அப்டேட் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, போட்டுக் கொடுப்பவர்களே பல நேரம் அப்டேட்டை நிறுத்தி வைத்துவிடுகிறார்கள்.

மெயிலில் வரும் கோப்பு: இன்வாய்ஸ், கூரியர் ரசீது, வேலைக்கான ஆஃபர் லெட்டர் என்ற பெயரில் வரும். பி.டி.எஃப். போலப் படம் காட்டும், உள்ளே இருப்பது புரோகிராம். வேர்டு அல்லது எக்செல் கோப்பைத் திறந்ததும் 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால் கை வைக்காதீர்கள்.

பென் டிரைவ்: ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து செருகினால், உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். இந்த 'ஷார்ட்கட் வைரஸ்' நம் ஊரில் பலருக்கும் பழக்கம்தான். பழக்கமானது என்பதால் ஆபத்தில்லாதது என்று ஆகிவிடாது.

போலி சப்போர்ட்: 'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்' என்று பிரவுசர் முழுத் திரைக்கு அலறும். போன் செய்தால், தொலைவிலிருந்து இயக்கும் எனிடெஸ்க் போன்ற ஆப்பைப் போடச் சொல்வார்கள். போட்டுவிட்டால் உங்கள் மவுஸ் அவர்கள் கையில்.

உள்ளே வருவது எல்லாமே கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர் இல்லை. இப்போது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய தலைவலி 'இன்ஃபோ ஸ்டீலர்' என்ற வகை. சத்தமே இல்லாமல் உள்ளே வந்து, பிரவுசரில் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆகியிருக்கும் கணக்குகளின் 'குக்கி'களையும் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கி கையில் கிடைத்துவிட்டால் சில கணக்குகளுக்குள் ஓ.டி.பி. இல்லாமலே நுழைந்துவிட முடியும். வீட்டு லேப்டாப்பிலேயே ஆபீஸ் மெயிலையும் திறப்பவரா நீங்கள்? அப்படியானால் உங்கள் வீட்டுக் கணினியின் ஓட்டை, உங்கள் நிறுவனத்துக்கும் ஓட்டைதான்.

என்ன செய்ய வேண்டும்? ஐந்து வேலைகள்

1. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்

செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' பகுதிக்குப் போய், நிலுவையில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றே போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். மூடி வைத்துவிட்டு மறுபடி திறக்கும் லேப்டாப் ரீஸ்டார்ட் ஆவதில்லை. ரீஸ்டார்ட் ஆகாத வரை பல அப்டேட்கள் முழுமை பெறுவதும் இல்லை. பிரவுசருக்கும் இதே கதைதான்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்திருந்தது. கணினி நன்றாகத்தான் ஓடும், எந்தக் குறையும் தெரியாது. ஆனால் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க யாரும் வர மாட்டார்கள். 'பி.சி. ஹெல்த் செக்' என்ற மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆப், உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தாங்குமா என்று சொல்லிவிடும். தாங்காது என்றால் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்களுக்கு மாறலாம். பிரவுசிங், மெயில், படம் பார்க்க அவை போதும்.

2. பேக்கப் எடுங்கள், எடுத்ததும் கழற்றி வையுங்கள்

ரான்சம்வேருக்கு எதிராகக் கடைசியில் கைகொடுப்பது பேக்கப் மட்டும்தான். முக்கியமான கோப்புகள் மூன்று பிரதிகள் இருக்கட்டும், இரண்டு வேறு வேறு சாதனங்களில் இருக்கட்டும், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும் என்பது இத்துறையில் சொல்லப்படும் கணக்கு.

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிட்டு அதைக் கணினியிலேயே செருகி வைப்பது பலர் செய்யும் தப்பு. வானாக்ரை, கணினியோடு இணைந்திருந்த டிரைவ்களையும் சேர்த்தே பூட்டியது. விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருந்த பழைய பிரதிகளையும் அழிக்கப் பார்த்தது. பேக்கப் முடிந்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள்.

'என்னோடது எல்லாம் கூகுள் டிரைவ்ல இருக்கே' என்கிறீர்களா? கணினியோடு சிங்க் ஆகிற ஃபோல்டர் என்றால், பூட்டப்பட்ட கோப்பும் மேலே போய் நல்ல கோப்பின் இடத்தில் உட்கார்ந்துவிடலாம். கோப்பின் பழைய வடிவத்தை மீட்கும் வசதி குறிப்பிட்ட காலம் வரைதான் இருக்கும். அதனால் கிளவுட் ஒரு பிரதி, கழற்றி வைத்த டிஸ்க் இன்னொரு பிரதி என்று வைத்துக்கொள்வது நல்லது.

3. ஆன்டிவைரஸ்: ஒன்று போதும், ஆன் ஆகியிருக்க வேண்டும்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'டிஃபெண்டர்' கூடவே வருகிறது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அது போதும். காசு கொடுத்து வேறு வாங்கினால் தப்பில்லை, ஆனால் இரண்டை ஒன்றாக ஓட விடாதீர்கள். ஒன்றோடு ஒன்று மோதி கணினி திணறும். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து 'ரியல்-டைம் புரொடெக்‌ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே ரான்சம்வேர் பகுதியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இருக்கும். அதை ஆன் செய்தால் அறிமுகமில்லாத புரோகிராம்கள் உங்கள் டாக்குமென்ட், போட்டோ ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. வழக்கமாகப் பயன்படுத்தும் ஏதாவது ஆப் தடுக்கப்பட்டால், அதற்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம்.

மேக் வைத்திருப்பவர்களே, உங்களுக்கும்தான். மேக்கைக் குறிவைக்கும் இன்ஃபோ ஸ்டீலர்களும் சுற்றுகின்றன.

4. தினசரி வேலைக்கு அட்மின் கணக்கு வேண்டாம்

வீட்டில் அப்பா, அம்மா, தங்கை எல்லோரும் ஒரே அட்மின் கணக்கில் புழங்கினால், யார் தவறாக ஒன்றை ஓடவிட்டாலும் அது முழுக் கணினிக்கும் எஜமானாகிவிடும். ஆளுக்கொரு 'ஸ்டாண்டர்டு' கணக்கு போட்டுக் கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு ஒருவரிடம் இருக்கட்டும். கோப்பு எந்த வகை என்று காட்டும் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' அமைப்பையும் ஆன் செய்துவிடுங்கள். 'பில்.பி.டி.எஃப்.' என்று நடிக்கும் கோப்பின் பெயர் கடைசியில் 'இ.எக்ஸ்.இ.' என்று முடிந்தால் அது புரோகிராம் என்று உடனே தெரிந்துவிடும்.

5. ரவுட்டரும் பாஸ்வேர்டும்

வைஃபை ரவுட்டர் வந்த நாளில் இருந்த 'அட்மின்' பாஸ்வேர்டே இன்னும் இருந்தால் மாற்றுங்கள். மெயில், வங்கி, ஆபீஸ் கணக்குகளுக்குத் தனித்தனி பாஸ்வேர்டு வையுங்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்டுகளை பிரவுசரிலோ நோட்பேடிலோ கொட்டி வைக்காமல், தனி பாஸ்வேர்டு மேனேஜரில் வைப்பது நல்லது.

மாட்டிவிட்டால்?

முதலில் இணைப்பைத் துண்டியுங்கள். வைஃபையை அணைத்து, கேபிள் இருந்தால் உருவிவிடுங்கள். பதற்றத்தில் பேக்கப் டிஸ்க்கைக் கொண்டுவந்து செருகாதீர்கள், அதுவும் போய்விடும். திரையை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள்.

இணைப்பைத் துண்டித்த பிறகு, அவசரப்பட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் விவரம் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். வானாக்ரை பாதித்த சில பழைய விண்டோஸ் கணினிகளில், பூட்டைத் திறக்கும் சாவியை நினைவகத்திலிருந்தே எடுக்க பிரான்ஸ் ஆய்வாளர்கள் ஒரு கருவி செய்தார்கள். ஆனால் ரீஸ்டார்ட் செய்யாத கணினியில்தான் அது வேலை செய்தது.

வேறொரு சாதனத்திலிருந்து மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லா இடத்திலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள். ஆபீஸ் கணக்கு அந்தக் கணினியில் இருந்தால் ஐ.டி. டீமுக்கு உடனே சொல்லிவிடுங்கள். திட்டு விழுமோ என்று ஒரு நாள் மறைத்தால் சேதம்தான் பெருகும்.

பணம் கட்டலாமா? கட்டாதீர்கள் என்பதுதான் பொதுவான ஆலோசனை. வானாக்ரையே நல்ல உதாரணம். எல்லோரும் பணம் அனுப்ப வேண்டியது அதே மூன்று பிட்காயின் முகவரிகளுக்கு. யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று தானாகப் பிரித்தறிய அந்தக் கும்பலிடமே சரியான வழி இல்லை. கட்டினாலும் கோப்பு வரும் என்று நம்ப இடமில்லை. யூரோபோலும் நெதர்லாந்து காவல் துறையும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' இணையதளத்தில், பல வகை ரான்சம்வேருக்கான பூட்டுத் திறப்பான்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அங்கே தேடிப் பாருங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு நடத்தும் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' இலவசமாக மால்வேர் நீக்கும் கருவிகளைத் தருகிறது. இது தொடங்கப்பட்டது 2017 பிப்ரவரி 21. வானாக்ரை வருவதற்கு மூன்று மாதம்கூட முன்பு இல்லை. கருவியும் இருந்தது, அப்டேட்டும் இருந்தது.

ஊரில் இருக்கும் அந்த இன்னொரு கணினி

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் உங்கள் ஆபீஸ் லேப்டாப்பை ஐ.டி. டீம் பார்த்துக்கொள்ளும். சித்தூரிலோ திருப்பதியிலோ வேலூரிலோ அப்பா வீட்டு மேஜையில் இருக்கும் பழைய கணினியை யார் பார்ப்பார்கள்? நிலப் பத்திரத்தின் ஸ்கேன், குடும்ப போட்டோக்கள், வங்கி லாகின் எல்லாம் அதில்தான் இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எந்த விண்டோஸ் என்று பாருங்கள். நிலுவை அப்டேட்டைப் போடுங்கள். அப்பாவுக்கு ஸ்டாண்டர்டு கணக்கு ஒன்று உருவாக்குங்கள். ஒரு ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள்.

2017-ல் 59 நாள் கிடைத்தது. அடுத்த முறை அவ்வளவு அவகாசம் இருக்கும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.